வெள்ளிக்கிழமைக் குளத்தின் சாவி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரு கையேடு கொடுத்திருப்பார்கள். அதில் பாதி நான் எழுதியது. ஆகவே அதை நம்பலாம் என்று சொல்லவும், எந்த இடத்தில் அது கைவிட்டுவிடும் என்று சொல்லவும் எனக்கு உரிமை உண்டு. குளத்து நீரில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் கலப்பது, சந்தா கட்டாத உறுப்பினருக்கு எத்தனை நோட்டீஸ் அனுப்புவது, இறகுப்பந்து மைதானத்தின் கோடு எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு 'திற' என்று சொல்லும்போது என்ன செய்வது என்பது அதில் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் ஆம்பூரில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலூர்க்காரன். அப்பா ஆஸ்பத்திரியில் கணக்கர், அம்மா மிஷன் பள்ளியில் ஆசிரியை. நான் எம்.ஏ. படித்துவிட்டு, உடற்கல்வியில் ஒரு டிப்ளமோவும் வாங்கிக்கொண்டு, சென்னையில் ஒரு பெரிய கிளப்பில் துணைச் செயலாளராக இரண்டு வருடம் இருந்தேன். அந்த கிளப்பில் கற்றுக்கொண்டதெல்லாம் ஆட்களை எப்படி வெளியே நிறுத்துவது என்பதுதான். வேட்டி கட்டி வந்தவரை, காலர் இல்லாத சட்டை போட்டவரை, உறுப்பினரின் மைத்துனரை, எல்லோரையும் மரியாதை குறையாமல் வெளியே நிறுத்தும் கலையில் தேர்ந்திருந்தேன். ஆம்பூரில் கொடுத்த வேலை நேர் எதிரானது. ஆட்களை உள்ளே வரவழைக்க வேண்டும்.

அந்த ஊர்த் தோல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து, தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் என்று ஒரு மனமகிழ் மன்றம் கட்டியிருந்தார்கள். முன்னால் பெரிய கூடம், பக்கத்தில் கேரம் அறையும் வாசகசாலையும், பின்னால் உயரமான சுற்றுச்சுவருக்குள் ஒரு நீச்சல் குளம். எப்படி நடத்துவது என்று திட்டம் போட்டுக் கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு நிபுணரை அழைத்திருந்தார்கள். அவர் தோல் அட்டை போட்ட ஆங்கில அறிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஊரில் ஒருநாள்கூடத் தங்காமல் திரும்பிவிட்டார். அதில், ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் வரும் நாள், வாராந்தர விடுமுறையை வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. நிர்வாகக் குழுவில் இருந்த அத்தனை பேரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். ஆம்பூரில் தோல் தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வேலையில் இருப்பார்கள். இது அந்த அத்தனை பேருக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் அட்டையின் தரத்தைத் தடவிப் பார்த்து மெச்சியவர்கள் உள்ளே புரட்டிப் பார்க்கவில்லை.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பேண்டு வாத்தியம் வந்தது, அண்டா அண்டாவாக டீ வந்தது, சமோசா மலைபோல வந்தது. ஆள் வரவில்லை. நாங்கள் பத்துப் பேர் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் கைதட்டிக்கொண்டோம். மறுநாள் காலையில் குழுவின் அனுமதிக்குக் காத்திராமல் விடுமுறையைத் திங்கட்கிழமைக்கு மாற்றிப் பலகையில் எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமையே கூடம் நிறைந்தது. வேலைக்குப் போகிற ஊரில் முதலில் கேட்க வேண்டியது, மக்கள் என்றைக்குச் சும்மா இருப்பார்கள் என்பதுதான். சம்பளத்தைப் பற்றிப் பிறகு கேட்கலாம்.

கூடம் நிறைந்தது, கேரம் அறை நிறைந்தது. குளம் மட்டும் காலியாகவே கிடந்தது. நான் தொழிற்சாலை வாசல்களில் போய்ப் பேசிப் பார்த்தேன். ஒருவர் கொஞ்சம் பரிதாபத்தோடு எனக்கு விளக்கினார்: "வாரம் பூரா தோல் ஊறப்போடற சுண்ணாம்புத் தண்ணிலயும் பட்டைத் தண்ணிலயும் முட்டிக்கால் வரைக்கும் நின்னுகினு கெடக்கறோம். லீவு நாள்லயும் தண்ணியா சார்?" அந்த ஊரில் ஆண்களுக்குத் தண்ணீர் என்றால் வேலை.

மன்றத்தின் செயலாளர் நஸீர் பாய். பெரிய தோல் மண்டிக்குச் சொந்தக்காரர், ஐம்பது வயதிருக்கும், எதையும் உடனே முடிக்க வேண்டும் என்கிற ஆள். வீட்டு விஷயங்களைத் தவிர, என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பாலாறு மணலாகக் கிடக்கும் ஊரில் தண்ணீரைத் தேக்கிவைத்து வேடிக்கை பார்ப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. குளத்தை மண்போட்டு மூடி மேலே ஒரு கிடங்கு கட்டிவிடலாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். தலைவர் யூசுப் ஹாஜியார் வயதானவர், அவசரப்படாதவர். மேனேஜருக்கு ஒரு வருடம் தகுதிகாண் காலம் இருக்கிறதே, குளத்துக்கும் அதே ஒரு வருடம் கொடுத்துப் பார்ப்போம் என்றார். ஆக நானும் குளமும் ஒரே படகில் ஏறினோம். குளம் மூடப்பட்டால் அதை ஆட்களால் நிரப்பத் தெரியாத மேனேஜரை வைத்துக்கொள்ள யாருக்கும் ஆசை இருக்காது. எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

குளத்தைக் காப்பாற்றும் யோசனை லில்லி சிஸ்டரிடமிருந்து வந்தது. வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். குடியாத்தம் பக்கம் அப்பாவின் நிலத்துக் கிணற்றில் குதித்து நீந்தக் கற்றவர். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் வருகிற பெண்களுக்குத் தண்ணீருக்குள் பயிற்சி செய்யச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுப்பார்; எங்கே போய்ச் செய்வது என்று அவர்கள் கேட்பார்கள்; டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். இந்த நாடகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன சிஸ்டர், ஒருநாள் பஸ் ஏறி வந்து, பெண்களுக்கு என்று வாரத்தில் ஒரு வேளை கொடுத்தால் தானே வந்து சொல்லித் தருவதாகச் சொன்னார்.

எந்த வேளை என்பதுதான் கேள்வி. ஊரில் ஆண்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் அடங்கியிருக்கும் நேரம் வாரத்தில் ஒன்றே ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரம். மன்றமும் அப்போது வெறிச்சென்று இருக்கும். வீட்டிலும் சமையல் முடிந்து, ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள். ஊரில் பள்ளிவாசல்கள் பல. ஒவ்வொன்றிலும் ஜும்மா ஒவ்வொரு நேரத்தில் முடியும். பெரிய வியாபாரிகள் போவது கடைசியாக முடிகிற பெரிய பள்ளிவாசலுக்கு. அந்த நேரத்தை வைத்துக் கணக்கிட்டு, அது முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பெண்கள் வீட்டுக்குக் கிளம்பும்படி ஏற்பாடு செய்தேன்.

ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். "நல்ல காரியம்தான், செய்ங்க," என்றார். "ஆனா மேனேஜர் சார், ஒரே ஒரு ஆம்பள உள்ள எட்டிப் பாத்தான்னு என் காதுல வுழுந்துச்சு, அன்னிக்கே மண்ணு லாரிய வரச் சொல்லிருவேன்." குழுவிலும் அது நிறைவேறியது. நஸீர் பாய்கூட எதிர்க்கவில்லை. நாலு நர்ஸ்கள் வந்து குளித்துவிட்டுப் போவார்கள், அத்தோடு குளத்தின் கதை முடியும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

முதல் வெள்ளிக்கிழமை நாலு பேர்தான் வந்தார்கள். இரண்டாவது மாதத்தில் திரை கட்டிய ஜட்கா வண்டிகள் பக்கத்துச் சந்தில் வரிசையாக நின்றன. குளத்துக்குத் தகரம் அடித்த ஒரே கேட். அதன் பூட்டுக்கு இரண்டு சாவி: ஒன்று உள்ளே சிஸ்டரிடம், இன்னொன்று என் சட்டைப் பையில். நான் கேட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு, முதுகைச் சுவருக்குக் காட்டி உட்கார்ந்திருப்பேன். மன்றத்தில் எல்லாவற்றுக்கும் பதிவேடு வைத்தவன் இந்த ஒரு வேளைக்கு மட்டும் வைக்கவில்லை. யார் வருகிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் சிஸ்டர் என்னிடம் சொல்ல வேண்டியதாயிற்று. நஸீர் பாயின் மனைவி. முழங்கால் வலியால் வீட்டு மாடிப்படி ஏறுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டதாம். டாக்டர் தண்ணீர்ப் பயிற்சி சொல்லியிருந்தார். வரலாமா, வந்தால் அவர் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்டனுப்பியிருந்தார்.

"தெரிஞ்சா வேணாம்பாரா?" என்று கேட்டேன்.

"வேணாம்னு சொல்ல மாட்டாராம் சார். யோசிக்கிறேன்னு சொல்வாராம். அவர் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள இன்னொரு முட்டியும் போய்டும்னு அந்தம்மா சொல்றாங்க."

என் வாயிலிருந்து யாருக்கும் எதுவும் போகாது என்று வாக்குக் கொடுத்தேன். மூன்று மாதமாக அந்தம்மா தவறாமல் வந்துகொண்டிருந்தார். எந்த புர்காவுக்குள் இருப்பவர் அவர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை. பெண்கள் உள்ளே போய் வெகுநேரம் ஆகியிருந்தது. பெரிய பள்ளிவாசலில் ஜும்மா இன்னும் நடந்துகொண்டிருந்தது. மன்ற வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தொப்பியோடு இறங்கியவர் நஸீர் பாய். கூடவே ஆறடிக்கு மேல் உயரமான ஒரு ஜெர்மன்காரர், காலணிக்கான தோல் வாங்குகிறவர். சென்னையிலிருந்து பெங்களூர் போகிற வழியில் இறங்கியிருக்கிறார். விருந்தாளி வருகிறார் என்று நஸீர் பாய் அன்றைக்கு மட்டும் வழக்கத்தை மாற்றிக்கொண்டு, சீக்கிரம் முடிகிற சின்னப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்திருந்தார். என் கணக்கு முழுவதும் தங்கள் பள்ளிவாசலை மாற்றாத மனிதர்களை நம்பிப் போட்ட கணக்கு.

எந்தக் குளத்தை மண்போட்டு மூட வேண்டும் என்று மாதாமாதம் பேசினாரோ, அதே குளத்தை விருந்தாளிக்குக் காட்டுவதற்காக நேராக என்னை நோக்கி வந்தார். வெளிநாட்டுக்காரருக்கு முன்னால் அது ஊரின் பெருமை ஆகிவிட்டது.

"தொறங்க மேனேஜர் சார். அஞ்சு நிமிஷம். இவரு அவசரமா போணும்."

பெண்கள் நேரம் என்று நினைவூட்டினேன். எழுந்து நின்றபோது என் முதுகு கேட்டைத் தொட்டது. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது. தகரக் கேட், திறந்த குளம். வெளியே பேசுவதில் ஒரு வார்த்தைகூட உள்ளே கேட்காமல் இருக்காது. இவருடைய குரலை அடையாளம் தெரிந்தவர் ஒருவர் உள்ளே கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். இவருக்குத் தெரியாது.

"உள்ள யாரு இருக்கப் போறா? வேலூர் நர்சுங்க நாலு பேரு," என்றார் நஸீர் பாய். "ஓரமா நிக்கச் சொல்லுங்க. நாங்க இன்னா அவங்களையா பாக்க வந்தோம்?"

தலைவரின் உத்தரவு என்றேன். தலைவரிடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். தலைவர் பெரிய பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தார். ஆள் அனுப்பி எழுப்புகிற இடமில்லை அது. பிறகு நஸீர் பாய் என் கழுத்திலேயே கத்தியை வைத்தார். "குழு மெம்பர் எந்த நேரத்துலயும் எந்த இடத்தையும் பாக்கலாம்னு ரூல்ஸ்ல போட்டிருக்கா இல்லியா? அத எழுதினது யாரு?"

எழுதினது நான்தான். சென்னை கிளப்பின் விதிப்புத்தகத்திலிருந்து அப்படியே பெயர்த்து எடுத்திருந்தேன். அதில் விலக்கு எதுவும் இல்லை. அழகான வாக்கியம் வேறு.

இளம் நண்பர்களே, இந்த இடத்தில் நில்லுங்கள். என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஒன்று, திறப்பது. விதிப்படி சரி. அன்றோடு ஒரு பெண்ணும் திரும்பி வரமாட்டாள், சாயங்காலம் மண் லாரி வரும். இரண்டு, பெண்களைச் சீக்கிரம் கிளம்பச் சொல்வது. இருப்பது ஒரே கேட். ஈர உடையோடு இவர் முகத்துக்கு நேராகத்தான் வெளியே வர வேண்டும், வண்டிக்காரர்களும் இன்னும் வந்து சேரவில்லை. மூன்று, பொய் சொல்வது. குளோரின் கசிகிறது என்றால் போதும், இவர் ஓடிப்போவார். ஆனால் அடுத்த வாரம் ஊர் முழுக்கக் குளத்தில் விஷவாயு என்று பேசும். குளத்தைக் கொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது. நான்காவது வழிதான் எல்லாவற்றிலும் சுலபம். அவர் காதருகே குனிந்து, உங்கள் வீட்டுக்காரம்மா உள்ளே இருக்கிறார் என்று இரண்டு விநாடியில் சொல்லிவிடலாம். மனிதர் அப்படியே திரும்பிப் போயிருப்பார். என் வேலையும் தப்பியிருக்கும்.

நம் தொழிலில் வாக்கு மீறுவது எப்போதும் இப்படி நியாயமான உருவத்தில்தான் வரும். அந்தம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதைச் சுவருக்கு இந்தப் பக்கம் என் தேவைக்காகச் செலவழித்துவிட்டால், அந்தச் சுவர் எதற்கு?

"ரூல்ஸ் நீங்க சொல்ற மாதிரிதான் இருக்கு சாப். தப்பு ரூல்ஸ்ல. நான் தொறக்க மாட்டேன்."

"தொறக்கலன்னா நாளைலேருந்து ஒனக்கு இங்க வேல இல்ல. சாவியக் குடு."

மரியாதை 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்கியதைக் கவனித்தேன். கையையும் நீட்டிவிட்டார். சாவி என் பையில் இருக்கும்வரை இது அவருக்கும் எனக்கும் நடக்கும் சண்டை. அவர் செயலாளர், நான் தகுதிகாண் மேனேஜர். முடிவு என்ன என்று சொல்லத் தேவையில்லை. நான் சாவியை எடுத்தேன். கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினேன். தண்ணீரில் விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது.

"இப்ப ரெண்டு சாவியும் உள்ள இருக்கறவங்க கிட்ட இருக்கு சாப். அவங்களாத் தொறந்தாதான் உண்டு. கேக்கறீங்களா?"

அவர் கேட்டைப் பார்த்தார். எந்த ஆணாலும், அந்த ஊரில் குறிப்பாக, குளிக்கிற பெண்களைப் பார்த்துக் கதவைத் திற என்று குரல் கொடுக்க முடியாது. என்னை அதட்டுவது வேறு, அது வேறு. நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். உள்ளே ஒரு சின்ன ஓசைகூட இல்லை.

அதுவரை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த ஜெர்மன்காரர், என்ன விஷயம் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். பெண்கள் நேரம் என்றேன். அவ்வளவுதானே என்பதுபோல் தோளைக் குலுக்கிவிட்டு, நிழலும் டீயும் கிடைக்குமா என்றார். காலையிலிருந்து காரில் வெந்துகொண்டிருந்த மனிதர். அவருக்குக் குளத்தைப் பார்க்க ஆசை என்று யார் சொன்னது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவரைக் கேரம் அறைக்கு அழைத்துப்போய், சன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தேன். டீ வந்தது. பலகையைப் பார்த்து இது என்ன என்றார். சொல்லிக் கொடுத்தேன். ஆட்டம் பெண்கள் வீடு போய்ச் சேரும்வரை முடியக் கூடாது. அதனால் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் ஆடியதில்லை. சிவப்புக் காயை அவருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தேன். என்னுடைய காய்களைக் குழிக்கு அருகில் கொண்டுபோய்ப் பத்திரமாக நிறுத்தினேன். மனிதர் மகிழ்ச்சியில் மேஜையைத் தட்டினார். என் பார்வை மட்டும் அவர் தோளுக்கு மேல் சன்னலில் இருந்தது.

நஸீர் பாய் உள்ளே வரவில்லை. கோபத்தில் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டார். குளத்திலிருந்து சந்துக்குப் போகிற ஒரே வழி அந்தத் தாழ்வாரத்தை ஒட்டிப் போகிறது. வழக்கமான நேரத்தில் ஜட்காக்கள் வந்து நின்றன. கேட் திறந்தது. முதலில் சிஸ்டர், பின்னால் கறுப்பு புர்காக்கள் ஒவ்வொன்றாக. நாலைந்து நர்சுகளை எதிர்பார்த்தவர் அந்த வரிசையின் நீளத்தைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். பிறகு, அவர் வளர்ந்த விதம் அப்படி, சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் கடந்து போனார்கள். அதில் ஒருவர் அவர் மனைவி. ஒருவருடைய நடை மட்டும் அவரைத் தாண்டும்போது கொஞ்சம் மெதுவானது போல எனக்குத் தோன்றியது. கடைசி வண்டி கிளம்பும்வரை அவர் திரும்பவில்லை.

அதன்பிறகு ஜெர்மன்காரருக்குக் குளத்தையும் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். கேரம் பலகை எங்கே வாங்கலாம் என்று கேட்டார்.

என் நடத்தையைப் பற்றி விசாரிக்க அவசரக் கூட்டம் என்று, நஸீர் பாய் சாப்பிட வீட்டுக்குப் போகும் முன்பே எழுதிவைத்த உத்தரவு மறுநாள் எனக்கே வந்தது. குழுவுக்கு அறிவிப்பு அனுப்புவது மேனேஜரின் கடமை. என்னை வேலையை விட்டு நீக்குவதற்கான கூட்ட அறிவிப்பை நானே தட்டச்சுச் செய்து, பிழை திருத்தி, உரிய காலத்தில் எல்லோருக்கும் அனுப்பினேன். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். வேலூர் பஸ்ஸில் இரண்டு சீட் எப்போதும் கிடைக்கும் என்றாள். அவளுக்கு என்னைவிடத் தைரியம் அதிகம்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நஸீர் பாய் வீட்டில் என்ன நடந்தது என்பதை அந்தம்மா சிஸ்டரிடம் சொல்ல, சிஸ்டர் எனக்குச் சொல்ல, நான் உங்களுக்குச் சொல்கிறேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், மேனேஜர் தன்னை வெள்ளைக்காரருக்கு முன்னால் கேவலப்படுத்திவிட்டதாகப் பொரிந்து தள்ளியிருக்கிறார். அந்தம்மா பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"அவரு கேட்டத் தொறந்திருந்தா இன்னா செஞ்சிருப்பீங்க?"

"இன்னா செய்வேன்? உள்ள போய்க் காட்டிட்டு வந்திருப்பேன்."

"நான் உள்ள இருந்தேன்."

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றுவிட்டதாம். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டாராம்.

"மூணு மாசமா. நீங்க பேசினது எல்லாம் கேட்டுகினுதான் இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மனுஷன் வேல பொழச்சிருக்கும், சொல்லல. ஒரு மாசமா நான் திரும்ப மாடி ஏறிகினு இருக்கேன். எப்படின்னு நீங்க கேக்கவே இல்லியே."

சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் சாப்பிட்டாராம். ஆனால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாராம்.

இந்தப் பேச்சு கூட்டத்துக்கு முன்னால் என் காதுக்கு வரவில்லை. ஆகவே ராஜினாமா செய்யச் சொன்னால் எப்படி மறுப்பது என்று விதிகளைப் படித்துத் தயாராகத்தான் போய் உட்கார்ந்தேன். ஹாஜியார் நடுவில். சுற்றிலும் குழு உறுப்பினர்கள். முகங்கள் எதிலும் எனக்கு நல்லது எழுதியிருக்கவில்லை. தீர்மானத்தைக் கொண்டுவரும்படி செயலாளரைக் கேட்டார் ஹாஜியார்.

நஸீர் பாய் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ரூல்ஸ்ல ஒரு தப்பு இருக்கு," என்றார். "குழு மெம்பர் எந்த நேரமும் உள்ள போலாம்னு போட்டிருக்கு. லேடீஸ் நேரம் தவிரன்னு சேர்க்கணும். அப்புறம், சீக்கிரம் முடியற பள்ளிவாசலும் ஊர்ல இருக்கு. ஒரு நாள் பத்தாது. செவ்வாக்கிழமை காலைலயும் அவங்களுக்கே வுட்டுரலாம். ஆம்பளைங்க யாரும் அந்தக் குளத்துல எறங்கறதும் இல்ல."

ஹாஜியார் அவரை நிதானமாகப் பார்த்தார். "கெடங்கு?"

"கெடங்கு வேற எடத்துல கட்டலாம்."

"ஒங்க வூட்லயும் வர்றாங்களா நஸீர்?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். இனி யாராவது கிண்டலாக ஒரு வார்த்தை சொன்னால் மனிதர் உடைந்துபோவார், தீர்மானமும் போகும். நான் மேஜையைச் சுற்றிப் பார்த்தேன். ஒருவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஒருவர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். இன்னொருவர் கூரையில் எதையோ தேடினார். அந்த ஜட்காக்களின் வரிசை ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. ஒவ்வொருவரும் தன் வீட்டு ரகசியத்தை மற்றவர்களிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எதிர்ப்பு யாருக்காவது உண்டா?" என்றார் ஹாஜியார், தாடிக்குள் சிரிப்பை மறைத்துக்கொண்டு. ஒரு கையும் உயரவில்லை. "மேனேஜர் விஷயம்?"

"கன்பார்ம் பண்ணிரலாம்," என்றார் நஸீர் பாய். "சம்பளம் கம்மியா இருக்கு. அதையும் பாருங்க."

நான் இதுவரை எழுதிய நடவடிக்கைக் குறிப்புகளில் 'ஏகமனதாக' என்ற சொல்லை அத்தனை உண்மையாக எழுதியது அன்று ஒருநாள்தான். அதன்பின் பதினோரு ஆண்டுகள் அந்த மன்றத்தில் இருந்தேன். வாணியம்பாடியிலிருந்தும் மேல்விஷாரத்திலிருந்தும் ஆட்கள் வந்து, இதை எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். விதிப்புத்தகத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். ஊரில் ஒரு வாரம் தங்கி, பள்ளிவாசல் நேரத்தையும் ஷிப்டு நேரத்தையும் முதலில் கேட்டுக்கொண்டு போகச் சொன்னேன். சிலர் தங்கினார்கள். தங்கியவர்களுடைய மன்றங்கள் நடந்தன.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். நான் அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது நஸீர் பாய் தன் கார் அருகில் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஏதோ கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்பதுபோல் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். மரியாதை பழைய இடத்துக்கு ஏறியிருந்தது.

"மேனேஜர் சார். எங்க வூட்ல அவங்க நல்லா நீந்தறாங்களா?"

"எனக்குத் தெரியாது சாப். நான் பாத்ததில்ல."

சுற்றுச்சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கார்க் கதவைத் திறந்தார்.

"நானும் பாக்கல," என்றார். "இன்னிக்கு ராத்திரி கேக்கறேன்."